அம்மா கேட்ட தண்ணி

அம்மாவின் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் வீங்கி, வயிறு வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. வீக்கம் வடிந்தால் பிழைப்பாள்; அதற்கு உப்பு கூடாது, ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் தண்ணீருக்கு மேல் கூடாது. கஞ்சியோ தேத்தண்ணியோ, எதுவானாலும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை இரண்டு தடவை கேட்டு டயரியில் எழுதிக்கொண்டேன். வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, அவளை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேராகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தூக்கி வந்தோம்.

லயத்தில் வீட்டுக்கு வீடு குடியுரிமை மனு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலை மாடியில் வேலை. கொழுந்து பரப்பிய நேரத்தையும் வாடிய நேரத்தையும் குறித்துவைப்பது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில், தினமும் காலையில் ஒரு செம்பில் மூன்று கிளாஸ் அளந்து ஊற்றி மூடிவைத்தேன். எடுத்ததையெல்லாம் நேரத்தோடு குறித்தேன். அவள் கணுக்காலை இரண்டு வேளையும் நூலால் சுற்றி அளந்தேன்.

எங்கள் லயத்தில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வாய்ச்சண்டை போட்டவளே மத்தியானம் கொழுந்து பறிக்கும் மலையில் தாகமெடுத்தால் கையை நீட்டுவாள். மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போத்தலைக் கொடுப்பாள். அம்மா இந்த வழக்கத்திலேயே வளர்ந்து வயதானவள். பெற்ற மகன் மறுக்கிறான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கேட்ட விதத்தில்தான் பிழை என்று எண்ணினாளோ என்னவோ, ஒவ்வொரு முறையும் வேறொன்றாகக் கேட்டாள்.

"தண்ணி வேணாம்யா. சாயத்தண்ணி ஒரு வாய் குடு. சீனிகூட வேணாம்."

"அதுவும் தண்ணிதாம்மா."

"அப்ப கொத்தமல்லித் தண்ணி. அது மருந்துதானே?"

"மருந்துக்கும் இந்தச் செம்புலருந்துதான் எடுக்கணும்."

"நீ தொரமாருகிட்ட வேல பாத்துப் பாத்து தொரயாவே ஆயிட்ட."

மறுநாள் சோறு வடித்த கஞ்சித்தண்ணி கேட்டாள். அதற்கடுத்த நாள், வாய் கொப்புளிக்க மட்டும் போதும் என்றாள். அரை கிளாஸ் கொடுத்து, அவள் துப்பியதைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து பார்த்தேன். கால் கிளாஸ்கூட இல்லை. குறைந்ததை அன்றைய கணக்கில் சேர்த்தேன். மழை பெய்து தகரக்கூரை ஒழுகியபோது, வாளியில் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி, "இதுக்கு டாக்டர் என்னா சொன்னாரு?" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் நான் கொடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "தொர பங்களாவுல நாய்க்குக்கூட சட்டியில தண்ணி வைக்கிறாங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் நூல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. டயரியோ சரியாக இருந்தது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மனைவியைக் கேட்டேன்.

"துணிய நனைச்சு அத்த ஒதட்டுல வச்சேங்க. உறிஞ்சுனாங்க. புடுங்க மனசு வரல."

அம்மாவைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் அடுப்படிக்குப் போனாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியபடி, "அவள ஏசாத. நான்தான் கேட்டேன்," என்றாள். அதற்குப் பிறகு மனைவி ஈரத்துணியைத் தொடவில்லை. அம்மாவும் எதையும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் நூல் இரண்டு விரற்கடை குறைந்தது. பதினோராம் நாள் இன்னும் ஒன்று. அன்று டயரியில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அம்மாவிடம் நூலைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டைபோலக் காய்ந்திருந்தது. வீக்கம் முழுவதும் வடிந்த பிறகு டாக்டரிடம் ஒரு கிளாஸ் கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது உயிர் போய்விட்டது. கால்கள் அவளுடைய பழைய கால்களாக மெலிந்திருந்தன.

பெண்கள் குளிப்பாட்டும் முன், மகன் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடித்து வந்து தலையில் ஊற்ற வேண்டும். மேளக்காரர் முன்னால் நடக்க, ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கி வந்தேன். ஊற்றத் தொடங்கியதும், அளந்து ஊற்றிய பழக்கதோஷத்தில் கை குடத்தை மெதுவாகச் சாய்த்தது. பக்கத்துக் காம்பரா அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"நல்லா ஊத்துங்க தம்பி."

ஊற்றினேன். நெற்றியில் விழுந்து, மூடிய வாயின் மேல் வழிந்து, காதோரமாக மண்ணில் இறங்கியது. ஒரு குடம் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் பீலிக்குப் போனேன். மேளம் நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை.