எல்லோருக்கும் கொடுத்தாயிற்று

உள்ளறையில் இருமல் சத்தம் கேட்டதும், வந்தவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு டோரதி ஓடினாள். கட்டிலில் அவள் கணவன் அடைக்கலராஜ் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். வேலூரில் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திருவெறும்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன் அவன். ‘சி’ மொழியில் புரோகிராம் எழுதுகிற எவருக்கும் பெயர்களை அடுக்கவும் தேதி கணக்கிடவும் அடிக்கடி தேவைப்படும். அத்தகைய வேலைகளுக்கான புரோகிராம்களையெல்லாம் தானே எழுதி, ஒரே தொகுப்பாக்கியிருந்தான். காலி ஃபிளாப்பியோடு யார் வந்தாலும் நகலெடுத்துக் கொடுப்பான்.

வந்தவர் சென்னைக் கம்பெனிக்காரர். கட்டிலருகே வந்து நின்றார்.

“அந்தத் தொகுப்பை எங்களுக்கு வித்துடுங்க, ஆபரேஷன் செலவு முழுக்க எங்களோடது சார். ஆனா அது வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாது.”

அடைக்கலராஜ் சிரிக்க முயன்றான். “அது அரியமங்கலம் பட்டறைக் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிடுச்சே சார். யார் வேணாலும் உபயோகிக்கலாம்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“ஏங்க, திருப்பி வாங்கிடலாங்க! நான் வீடு வீடாப் போய்க் கேக்கறேன்!” டோரதி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

“பைத்தியம். வாங்கினவங்க இன்னும் யார் யாருக்குக் கொடுத்தாங்களோ, எனக்கே தெரியாதேடி.”

வந்தவருக்கும் கண் கலங்கியது. “வரேம்மா” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் திரும்பிப் பார்ப்பாரா என்று தெருமுனை வரை பார்த்திருந்த டோரதி, கதவைச் சாத்தினாள்.