அக்கா இல்லாமல் ஈப்போவுக்கு விசா புதுப்பிக்கப் போனோம்

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: மலேசியாவின் ஆயர் தாவாரில் எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் மூடியின் பிடி நேற்று மாலை கழன்று விழுந்தது. அதை ஒட்டித் தரவேண்டியவர் மாமா. மாமா இங்கே இருக்கப்போவது இன்னும் சில வாரங்கள்தான் என்பதால் இது சின்னச் செய்தி இல்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அக்கா தீபாவளிக்கு முன்பு காய்ச்சலில் இறந்துவிட்டாள். குழந்தை இல்லை. மாமாவின் விசா, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் பாஸ், முடிய இருந்ததால் போன திங்கட்கிழமை இருவரும் ஈப்போ கிளம்பினோம்.

"கவுண்டர்ல நான் பேசிக்கிறேன் மாமா. மலாய் பேச்சுப் போட்டியில கப்பு வாங்குன வாய் இது."

"அந்தக் கப்புலதான உங்கம்மா மொளகாப்பொடி வச்சிருக்காங்க" என்றார். அவருக்கு மலாய் அரைகுறை.

காலை ஏழு மணி பஸ். எழுபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் முன்பு ரப்பர் தோட்டம், இப்போது பாமாயில் தரும் செம்பனை. மாமா எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். வருடா வருடம் அது அக்காவின் இடம்.

ஈப்போவில் பஸ் நிலையத்திலிருந்து குடிநுழைவு அலுவலகத்துக்கு வாடகைக் கார் எடுத்தோம். ஏழு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"யாருக்கு பாஸு தம்பி?"

"இவருக்குண்ணே."

"வீட்டுக்காரம்மா வரலையா? அவங்க கையெழுத்து வேணும்லா."

மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

கவுண்டர் அம்மா அன்பாகத்தான் பேசினார். மனைவி பொறுப்பேற்றுத் தரும் பாஸ், மனைவி இல்லாமல் நீளாது. வேலை அனுமதி என்றால் ஊருக்குப் போய், முதலாளி மூலம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பணக்காரர்களுக்கான நீண்டகாலத் தங்கல் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு லட்சக்கணக்கில் நிரந்தர வைப்பு வேண்டும், வீடும் வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பது பூனை ஒன்றுதான், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். கிளம்புவதற்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

மாமாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததால், இத்தனை வருடமும் அது மாமாவின் விசா என்றே நினைத்திருந்தோம். அது அக்காவின் மேல் நின்றிருக்கிறது.

இப்படிப்பட்ட பாஸில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று இருவரும் நன்றாக இருக்கும்போதே போய்க் கேளுங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நாங்கள் விட்டோம். வைப்புத்தொகை விவரங்களை அலுவலகத்திலேயே கேளுங்கள், அடிக்கடி மாறுகின்றன.

கடைசியாக, கப்பு வாங்கிய வாயைப் பற்றி. "இஸ்தெரி மானா?" என்றுதான் கவுண்டர் அம்மா முதலில் கேட்டார். மனைவி எங்கே? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த மலாய். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மாமாதான் தன் அரைகுறை மலாயில் சொன்னார்: "சுடா மெனிங்கல், புவான்." மனைவி இறந்துவிட்டாள், அம்மா.

சொல்லிவிட்டு, என் கையிலிருந்து பாஸ்போர்ட் ஃபைலை வாங்கிக்கொண்டார்.