ரேடியோ பேட்டரியும் அம்மாவின் நேர்ச்சைத் திரியும்

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்த மறுவருடம் எல்லையில் சண்டை மூண்டது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அவனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. அப்பாவுக்கு ரேடியோச் செய்திதான் கதி. எங்கள் ஊர்க் கரண்டோ செய்தி நேரம் பார்த்துப் போய்விடும். தேனிக்குப் போய் ஒரு பழைய ஜீப் பேட்டரியும் சார்ஜரும் வாங்கி வந்தார்.

கடைக்காரர் சொல்லி அனுப்பியதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சார்ஜ் ஏறும்போது பேட்டரி கொதிக்கும். அதிலிருந்து கிளம்பும் வாயு நெருப்பைக் கண்டால் வெடிக்கும். உள்ளே இருப்பது திராவகம். ஆகவே கொல்லையில் வைத்துத்தான் சார்ஜ் போடுவார். அந்தப் பக்கம் பீடியோடு வந்த சித்தப்பாவை விரட்டியே விட்டார். சார்ஜ் ஏறிய பிறகுதான் பேட்டரி வீட்டுக்குள் வரும். அவருடைய கெடுபிடியைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அம்மாவுக்கு வேறு வழி இருந்தது. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றியிருந்தார். அண்ணன் வீடு வந்து சேரும்வரை அது அணையக் கூடாது. ஒன்று கரைவதற்குள் அதிலிருந்தே அடுத்ததைப் பற்றவைப்பார். "அவன் மொகத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும், மாதாவே" என்பதுதான் அவருடைய செபம் முழுவதும்.

ஒருநாள் அடைமழை. கொல்லையில் கால் வைக்க முடியவில்லை. அப்பா பேட்டரியை வீட்டுக்குள் தூக்கி வந்தார். சாரலுக்காக ஜன்னல்களையும் சாத்தியிருந்தோம். பிளக் இருந்தது மாதா படத்துக்குப் பக்கத்தில்.

"கடையில அம்புட்டுச் சொல்லி விட்டாக. சார்ஜ் ஏறுற வரைக்கும் திரிய அமத்தி வையி" என்றார் அப்பா.

"அமத்திட்டு, அவனுக்கு ஒண்ணுன்னா என்னங்க செய்யிறது? அங்கன தள்ளி வச்சுக்கங்க."

அப்பா யாருக்கும் மசியாத மனிதர். அன்றைக்கு மசிந்தார். அந்தப் பயம் அவர் மனத்திலும் இருந்திருக்கிறது, பாவம். வயர் எட்டிய மட்டும் பேட்டரியைத் தள்ளி வைத்து, பத்திரத்துக்கு ஒரு சாக்கையும் போட்டு மூடினார். வாயு அந்தச் சாக்குக்குள்ளேயே தங்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா புதுத் திரியைப் பற்றவைத்தார். செய்தி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க, எரியும் திரியைக் கையில் பிடித்தபடியே குனிந்து சாக்கை விலக்கினார். வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம்.

அப்பா ஓடிவந்து, திராவகம் தெறித்த அம்மாவின் கண்களைத் தோள்துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

சண்டை முடிந்து அண்ணன் லீவில் வந்தான். கை கால் முழுசாக வந்தான். அம்மா அவன் முகத்தைத் தடவினார். நெற்றி, மூக்கு, கன்னம். பிறகு அப்பாவின் குரல் கேட்ட பக்கம் திரும்பினார்.

"எப்படி இருக்கான்? பாத்துச் சொல்லுங்க."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அம்மா அவன் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார்.

"சொல்லுங்களேன்" என்றார்.