காய்ந்த தொட்டிக்குள் ஒரு குளியல்

தினமும் காலையில், உடுத்திய நைட்டியோடு, தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் ஏறி உட்காருவேன். குழாய் இருக்கும் பக்கமாகக் கால்களை நீட்டி, முழங்கால்களைச் சேர்த்து, எட்டு மாதக் குழந்தை இனியாவை அவற்றின் மேல் குப்புறக் கிடத்திக்கொள்வேன். கைக்கெட்டும் தூரத்தில் வாளியில் வெந்நீர். ஊற்ற ஊற்றத் தண்ணீர் அடித்துளை வழியே ஓடிவிடும். இந்தத் தொட்டியைச் செய்தவர், ஒருத்தி இப்படி அதற்குள் உட்கார்ந்து ஒரு சொட்டும் தேங்கவிடாமல் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள் என்று நினைத்திருக்கமாட்டார். பினாங்குத் தீவுக்கு வந்தபின் நான் செய்துவந்த மிக விசித்திரமான காரியம் இதுதான். ஊரில் இதில் விசித்திரம் எதுவும் இல்லை. அங்கே தொட்டிதான் இல்லை.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் குடியிருக்கிறோம். கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். குளியலறையின் பாதியை அந்த இரும்புத் தொட்டியே அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே வெள்ளை எனாமல் பூச்சு, பல இடங்களில் தேய்ந்து சாம்பல் பூத்தது. பிரசவத்துக்காக விருதுநகரிலிருந்து வந்த அம்மா, குழந்தையை முதன்முதலில் குளிப்பாட்டியது தரையில்தான். தரை கதவுப்பக்கம் சரிந்திருந்ததால் தண்ணீர் நடையின் மரப்பலகைக்குள் இறங்கி, கீழ்வீட்டு உட்கூரையில் ஈரமாகத் தெரிந்தது. மறுநாள் அம்மா தொட்டிக்குள் ஏறிவிட்டார். உட்கார ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை அடித்தது. தொட்டித் துளையை அடைக்கும் ரப்பர் மூடியைச் சங்கிலியோடு கழற்றி அலமாரியில் போட்டார். “தேங்குன தண்ணியில பிள்ளைய போட்டா அழுக்கு எங்க போகும்? சளிதான் பிடிக்கும்” என்றார்.

விசா முடிந்து அம்மா கிளம்பியபோது விமானநிலையத்தில் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான். “நடக்குற வரைக்கும் கால்லதான் ஊத்தணும். மாத்திராத.” தலையாட்டினேன். சொன்னதைச் செய்வது எனக்குப் புதிதல்ல. பள்ளியிலிருந்து கல்யாணம்வரை அப்படித்தான் வந்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் கைகள் அறிந்ததை என் கைகள் அறியவில்லை. எண்ணெய் பூசிய பிள்ளை, மஞ்சள் கலந்த பயத்தமாவு குழைத்த கை, இடையில் எதைப் பிடிப்பது? வெந்நீரை முழங்கையில் பார்ப்பேன், மணிக்கட்டில் பார்ப்பேன், பிறகு கணவரைக் கூப்பிட்டு அவர் கையிலும் பார்ப்பேன். இனியா முதல் சொம்பிலிருந்து துவட்டும்வரை அழுவாள். அழுதால் நுரையீரல் விரியும் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் நம்பினேன். அழாத பிள்ளையைக் குளிப்பாட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் துவட்டும்போது அவள் தொடையில் நகத்தளவு வெள்ளைச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்தேன். அடியில் சிவப்பாக ஒரு கீறல். பலகையை நகர்த்திப் பார்த்தேன். கட்டைகள் உரசிய இடத்தில் எனாமல் பெயர்ந்து, துரு எட்டிப்பார்த்தது. கணவர், “அந்தத் தொட்டியவே எடுத்துட்டு ஷவர் வைக்கச் சொல்லிரலாம்” என்றார். அப்புறம் பிள்ளையை எங்கே வைத்துக் குளிப்பாட்டுவது என்று கேட்டேன். வீட்டுக்காரச் சீன அம்மாளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தொட்டி தன் மாமனார் போட்டது, எடுக்க வேண்டாம், மேலே புதுப் பூச்சுப் பூச ஆளை அனுப்புகிறேன் என்றார்.

வந்தவர் ரவி. நாற்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டுத் தொட்டிக்குள் குனிந்தார். தடவிப்பார்த்த விரலை மோந்தார்.

“தங்கச்சி, இதுலே என்னா சமைச்சீங்க?”

“சமைக்கலையே. குளிக்கிறதுதான்.”

“எண்ணெ நாத்தம் அடிக்குது. மஞ்ச கறை வேற இருக்கு. பூசை பண்ணுவீங்களா?”

குழந்தையைக் குளிப்பாட்டுவது என்றேன். அவர் குழந்தையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

“இவ்ளோண்டு பிள்ளைக்கா இத்தனை எண்ணெ? சரி, இந்த ரெண்டு கோடு என்னா? ரயில் ஓட்டுனீங்களா?”

அம்மா போட்ட பலகை என்று காட்டினேன். தொட்டிக்குள் உட்காரும் விதத்தையும் சொல்லவேண்டி வந்தது. சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். “தண்ணி ரொப்பத்தானே டப்பு செஞ்சான் வெள்ளைக்காரன். நீங்க அதுலே பெஞ்சு போட்டு உக்காந்திருக்கீங்க” என்றார். வேலையை விளக்கினார். பழைய பூச்சைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, குழிகளை அடைத்து, முதல் பூச்சின் மேல் வெள்ளையை ஸ்ப்ரே செய்யவேண்டும். பிறகு இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. அவர் கொண்டுவந்த டப்பாவின் பின்னால் இருந்ததை நான் வாசித்தேன். வேதியியல் படித்ததில் எனக்குக் கிடைத்த பலன், அச்சமூட்டும் பெயர்களைத் தடங்கலின்றி வாசிக்க முடிவதுதான்.

“இந்த நெடி பிள்ளைக்கு ஆகுமா அண்ணே?”

“ஆவாது லா. அதான் ஃபேன் போட்டு ஜன்னலுக்கு வெளியே தள்ளுறேன். நீங்க பிள்ளைய தூக்கிட்டு எங்கயாச்சும் போயிருங்க.”

ஊரில் இப்படி ஒன்றென்றால் நாலு தெரு தள்ளி யாராவது இருப்பார்கள். இங்கே எங்கே போவது என்று அன்று இரவு யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. கணவரோடு வேலை செய்பவரின் மனைவி சுமதி அக்கா, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். மறுநாள் காலை ஃபெரி ஏறினோம். நடுக்கடலில் தீவும் ஒரே அளவு தூரம், எதிர்க்கரையும் ஒரே அளவு தூரம். பெட்டியில் துணியைவிட இனியாவின் எண்ணெய், மாவு, சாம்பிராணிதான் அதிகம். சன்னலைச் சாத்தினோமா, சமையலறைக் கதவை அடைத்தோமா, தலையணை உறையில் நெடி ஏறிவிடுமோ என்று கரை சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். கணவர் எல்லாவற்றுக்கும் “ஆமா” என்றார்.

சுமதி அக்கா வீட்டில் இரண்டு நாள் ஈரத்துணியால் துடைத்தே சமாளித்தேன். அறிமுகமில்லாத குளியலறையில் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா போனில் “ஊத்தியாச்சா?” என்று கேட்டபோது துடைத்ததைச் சொன்னேன். “ரெண்டு நாளா?” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பவேண்டிய நாள் காலை ரவி கூப்பிட்டார். வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. நடுவுலே பெயிண்டு ஒட்ட மாட்டேங்குது. அம்மா பெஞ்சு போட்ட எடம் இருக்கில்லே, அங்க மட்டும் வட்டம் வட்டமா ஒதுங்கிப் போவுது. எண்ணெ உள்ளுக்குள்ள எறங்கிருச்சு. சொரண்டி எடுத்துட்டு மறுபடி அடிக்கிறேன். ரெண்டு நாள் கூட ஆவும்.”

சரி என்றேன். போனை வைத்தபிறகும் வாசலிலேயே நின்றேன். சுற்றிலும் ஒட்டிக்கொண்ட புதுப் பூச்சு, அம்மா உட்கார்ந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது. விசா நாட்களெல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பிப் போனவர் அங்கே இன்னும் இருப்பதுபோல எனக்குப் பட்டது. இப்போது அதையும் சுரண்டுவார்கள்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இனியாவின் குரல்தான், ஆனால் அழுகை இல்லை. ஓடினேன். சிவப்பு பிளாஸ்டிக் பேசினில், இடுப்பளவு தண்ணீரில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுமதி அக்கா ஒரு கையால் முதுகைத் தாங்கியிருந்தார். இனியா இரண்டு உள்ளங்கைகளாலும் தண்ணீரை அறைந்து, தெறிப்பதைப் பார்த்து, சத்தமாகச் சிரித்தாள்.

“வேர்த்து நசநசன்னு இருந்தா மா, அதான் எறக்கிட்டேன். என்னா அப்படிப் பாக்குறே? தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு.”

“சளி பிடிச்சிராதாக்கா?”

“என் பிள்ளைங்க மூணும் இந்த பேசின்லேதான் வளந்துச்சு. இப்போ சாப்பாட்டுக்குச் சண்டை போடுதுங்க. எங்கம்மாகூட எங்களை கால்லே போட்டுத்தான் ஊத்துனாங்களாம். நல்லதுதான். நமக்கு இடுப்பு தாங்காது லா.”

அவர் மீது கோபம் வரவில்லை. இனியா மீது ஏதோ ஒரு வருத்தம் வந்தது. குளிக்கும்போது இவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை வேறொருவர் வீட்டில், வேறொருவர் கையில் வைத்தா நான் பார்க்கவேண்டும்? இத்தனை மாதமும் விரிந்தது நுரையீரல்தானா என்று அன்று முழுக்க யோசித்தேன். இரவு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

வீடு திரும்பியபோது தொட்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கீறல் இல்லை, மஞ்சள் இல்லை. குனிந்தால் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. ரவி விளிம்பில் ஒட்டியிருந்த தாளை உரித்துக்கொண்டே செய்யக்கூடாதவற்றைச் சொன்னார். பலகை கூடாது. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் விரிப்பு கூடாது, எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். தேய்க்கும் பவுடர் கூடாது. குளித்ததும் மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும்.

“எண்ணெய்?”

“பிள்ளைக்குத் தேயுங்க. டப்புக்குத் தேய்க்காதீங்க.”

நெடி முழுக்க அடங்கக் காத்திருந்து, ஒரு காலையில் பழையபடி உள்ளே ஏறி உட்கார்ந்தேன். பலகை இல்லை. கால்களை நீட்டி இனியாவைக் கிடத்தி, எண்ணெய் வழியும் முதுகில் மாவைத் தேய்த்தேன். அவள் உதைத்தாள். என் குதிகால் வழுக்கியது. உடம்பு முழுவதும் ஒரு சாண் முன்னால் சரிந்தது. அவள் என் கால்களிலிருந்து குழாய்ப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். எந்தக் கையால் பிடித்தேன் என்று இப்போதும் தெரியாது. பிடித்திருந்தேன். அவளுடைய தலைக்கும் குழாய்க்கும் நடுவில் என் விரல்கள் இருந்தன. பழைய தொட்டியின் சொரசொரப்புதான் இத்தனை நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

மாவோடும் எண்ணெயோடும் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் தலையாட்டியது நினைவில் இருந்தது. பேசினில் கேட்ட சிரிப்பும் இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். “ஏங்க, அலமாரியில சங்கிலியோட ஒரு ரப்பர் மூடி கிடக்கும். அதையும் ஈரிழைத் துண்டு ஒண்ணும் எடுத்துட்டு வாங்க.”

துண்டை நாலாக மடித்து நனைத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். வழுக்கவில்லை. மூடியைத் துளையில் அழுத்தினேன். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தபோது, அந்தத் தொட்டியில் நான் பார்க்க முதன்முறையாகத் தண்ணீர் நின்றது. என் கணுக்கால் மூழ்கும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். நீட்டிய கால்களை மடக்க மனம் வரவில்லை. அவற்றைச் சற்று அகட்டி, நடுவில் இனியாவை உட்காரவைத்தேன். ஒரு கை அவள் முதுகில். அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அறைந்தாள்.

கணவர் போனை நீட்டியபோது திரையில் அம்மா இருந்தார். அவர் தேங்கிய தண்ணீரைத்தான் பார்த்தார். பின்னால் விருதுநகர் வீட்டில் குக்கர் விசிலடித்தது, அவர் திரும்பவில்லை.

“சூடு பாத்தியா?”

“பாத்தேன்மா.”

“தலைக்கு ஊத்துறப்ப மட்டும் கால்ல போட்டுக்க. இல்லாட்டி காதுல தண்ணி போயிரும்.”

அப்படியே செய்தேன். தலைக்கு ஊற்றக் காலில் கிடத்தினேன், அழுதாள். மறுபடி தண்ணீரில் இறக்கினேன், சிரித்தாள். இப்போது எல்லா நாளும் அப்படித்தான்.

குளித்து முடித்து மூடியை எடுத்தால், தண்ணீர் இறங்கியபின் புது வெள்ளையில் சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று தங்கிவிடுகிறது, தண்ணீர் நின்ற உயரத்தில், மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து. ரவி சொன்னபடி மெல்லிய துணியால் துடைத்து எடுக்கிறேன். மறுநாள் அதே உயரத்தில் அது மீண்டும் வருகிறது.