எஸ்தரின் கட்டைவிரல் படை

செய்தி வந்தபோது கிளினிக்கில் ஒரு பெரியவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். எஸ்தர் முந்தின நாள் முடித்து வைத்துவிட்டுப் போன பல்லை அவருக்குப் பொருத்த டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசையில் போன் அடித்தது. எடுத்தேன். எஸ்தரின் கணவர் அந்தோணி.

"எஸ்தர் பூட்டா கலா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோல ஏத்திகினு வர்றதுக்குள்ள..."

போனை வைத்தேன். உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் கையிலிருந்த பல்லைப் பார்த்தார். பிறகு அதைப் பொருத்தினார். கண்ணாடியைப் பார்த்த பெரியவர், "என் பல்லு மாதிரியே கீதே!" என்று சந்தோஷப்பட்டார்.

உங்களில் பலருக்கு எஸ்தரை, சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் நம் ஆட்ட மேசையின் எதிர்ப்பக்கத்தில்தான் தெரியும். கொம்பு வைத்த பூதங்களையும், முதுகில் கொதிகலன் சுமக்கும் பித்தளை வீரர்களையும் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி எடுத்து வருவாள். அந்தக் கட்டைவிரல் உயரப் பொம்மைகளின் முகங்களை நீங்கள் போனில் படம் எடுத்துக்கொள்வீர்கள். எனக்கு அவள் பொன்னேரி பல் கிளினிக்கில் கூட வேலை பார்த்தவள். நான் அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவேன். அவள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பின்கட்டு அறையில் உட்கார்ந்து ஊராருக்குப் பல் செய்வதுதான் அவள் வேலை.

இந்தப் பொம்மைகள் அவளிடம் வந்தது ஒரு முறிந்த இறக்கையால்தான். டாக்டரின் அண்ணன் மகன் விவேக், நம் மேசையை ஆரம்பித்தவர்களில் ஒருவர், ஒருநாள் ஒரு டிராகனைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம், பெட்டியைப் பிரிக்கும்போதே இறக்கை போய்விட்டதாம். பல் செட் செய்கிற மாவில் எஸ்தர் இறக்கையைப் பொருத்தினாள். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்க வர்ணமும் வைத்தாள். முடித்ததும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். ஆளுக்கு ஏழெட்டுப் பொம்மை, டைஸ், இஞ்ச் டேப், மேசைமேல் அட்டையில் கட்டிய ஊர், புதையலுக்காக இரண்டு கும்பல்களுக்குச் சண்டை என்று விவேக் விளக்கினார். "பெரியவங்க ஆடுறதா?" என்றாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஆமாம் என்றார். "அப்ப எனக்கும் ரெண்டு குடுங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வர்ணம் தீட்டுவாள். ஒரு வாய் சோறு, ஒரு கோடு. பல் வேலைக்கு வைத்திருந்த பிரஷ்களில் தேய்ந்துபோனவை இதற்கு. பூதத்தின் பல்லை நான் வெள்ளை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "வெள்ளைன்னு ஒரு கலரே கெடயாதுடி. இவன் வெத்தல போடுறவன். பாரு, ஓரத்துல காவி." பித்தளை வீரர்களின் கொதிகலனில் அவள் ஏற்றிய துருவும் பச்சைக் களிம்பும் அப்படித்தான். உப்புக்காற்றில் கிடக்கும் படகு இன்ஜினில் துரு எந்த மூலையில் முதலில் பிடிக்கும் என்பதை அவள் தினமும் பார்த்தாள். ஈர வர்ணத்தின் அருகே யாராவது மூச்சு விட்டால் திட்டுவாள். டப்பாவைத் தூக்கி மேலே வைக்கச் சொன்ன கண்டக்டர்களோடு அவள் போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் உண்டு. கடலில் முக்குளிப்பவரின் தலைக்கவசம் போட்டவன் பிரகாசம். ஒற்றைக்கண் பூதம் மேஸ்திரி. ஆட்டத்தில் பிரகாசம் அடிபட்டு விழுந்தால் அவனை இழுத்து வர மற்ற எல்லோரையும் அனுப்பிவிடுவாள். அதற்குள் எதிராளி புதையலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். "ஏன் எஸ்தர், அவனை விட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே" என்று நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். "இருக்குறதே கொஞ்சம் பேரு. ஒருத்தன உட்டுட்டு ஜெயிச்சு இன்னா பண்றது?" என்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் அவள் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

அந்தோணி கடலுக்குப் போகிறவர். ஒரு மழைக்காலத்தில் முகத்துவாரம் தாண்டிப் போன அவருடைய படகு திரும்பவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. மறுநாளும் தகவல் இல்லை. நான் லீவு போட்டுவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். எஸ்தர் வாசலில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தோணியின் அக்கா ஞானம் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. அந்தப் பொம்மைகளை அவருக்கு எப்போதுமே ஆகாது.

"கொம்பு வச்ச பேயையெல்லாம் வூட்ல குந்தவச்சிகினு புருஷன கடலுக்கு அனுப்புனா, அவன் எப்பிடிடி வருவான்?"

கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். நான் எழுந்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எடுத்துகினு போங்க அண்ணி. அவரு வரலன்னா எனக்கு அதுங்களும் வாணாம். ஆனா அதுங்களாலதான்னு மட்டும் சொல்லாதீங்க."

ஞானம் அக்கா விடுவிடுவென்று ஏரிப்பக்கம் நடந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வெற்று டப்பாவைக் கொண்டுவந்து எஸ்தரின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எஸ்தர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அந்தோணி பஸ்ஸில் வந்து இறங்கினார். இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆந்திரப் படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு போட்டுக் கரை சேர்த்து, சோறு போட்டு, யாருடைய சட்டையையோ மாட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். எளாவூர் வழியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். எஸ்தர் அப்போதுதான் அழுதாள். அடக்க முடியாமல், தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய சட்டையைப் பிடித்துக்கொண்டு.

அழுகையெல்லாம் ஓய்ந்து சோறு தின்றபின் அந்தோணி அலமாரியைப் பார்த்தார்.

"பொம்மைங்க எங்க?"

எஸ்தர், "கெடக்கட்டும் உடு" என்றாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தில் நிறுத்தினார். ஞானம் அக்கா எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ஏரியில் தண்ணீர் வற்றிய நேரம். ஞானம் அக்கா கையால் இறால் பிடிப்பவர். பனையோலைக் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினாராம். கூடப் போன பெண்கள் இறாலோடு கரையேறியும் அவர் ஏறவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபிறகு எஸ்தரின் வாசலில் வந்து பறியைக் கவிழ்த்தார். சேற்று உருண்டைகள். ஒன்றில் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி..."

"தூக்கிப் போட்டவ நானு. எடுக்கத் தெரியாதா எனக்கு? மூணு நாலு கெடைக்கல. நாளைக்குப் பாக்குறேன்."

சொன்னபடியே மறுநாளும் இறங்கினார். பிரகாசம் கிடைத்தான். மேஸ்திரி கிடைக்கவேயில்லை. எல்லாவற்றையும் எஸ்தர் பல் தேய்க்கும் பிரஷால் கழுவினாள். உரிந்த இடங்களுக்கு மட்டும் வர்ணம் வைத்தாள். ஞானம் அக்கா எதிரே உட்கார்ந்து, "இவன் ஏன் இப்பிடி மொறைக்கிறான்?" என்று ஒவ்வொருவனையும் விசாரித்தார். எஸ்தர் ஒவ்வொருவனின் கதையையும் சொன்னாள். அதன்பிறகுதான் ஞானம் அக்கா அவளோடு சென்னைக்கு வர ஆரம்பித்தார். ஆமாம், பின்னால் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து எஸ்தருக்காக டைஸ் போட்டாரே, அவர்தான். கடைசிவரை பூதங்களைத் தொட மாட்டார். ஆறு விழுந்தால் மட்டும் யார் ஆட்டம் என்று பார்க்காமல் கைதட்டுவார்.

அடக்கத்துக்கு வந்த உங்களுக்கு நன்றி. கல்லறையில் அந்தோணி உங்களிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் டப்பாவோடு வந்து நின்றதைப் பார்த்தீர்கள். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. வூட்டுக்குக் கொண்டுபோய் கண்ணாடிக்குள்ள வைக்காதீங்க. ஆடுங்க. ஒடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்றார். அதற்குமுன் அவர் அந்த அறைக்குள் வந்ததேயில்லை. யாரும் முதலில் கை நீட்டவில்லை. ஞானம் அக்காதான் முந்தானையால் ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு வந்தது பின்கட்டு அறை மேசையில் அவள் பாதியில் விட்டது. குடை பிடித்த ஒரு கிழவி, காலுக்குப் பதிலாக இரண்டு சக்கரம். கறுப்புப் பூச்சு மட்டும் முடிந்திருக்கிறது, அதில் இரண்டு கண்கள். எல்லோரும் கண்ணைக் கடைசியில் வைப்பார்களாம். எஸ்தர் முதலில் வைப்பாள். "கண்ணு தொறந்துட்டா அதுவே சொல்லும், எனக்கு இன்னா பொடவ வேணும்னு" என்பாள். மிச்சத்தை முடித்துத் தருவதாக உங்களில் சிலர் அன்போடு கேட்டீர்கள். நான் தரப்போவதில்லை. எனக்கு வர்ணம் தீட்ட வராது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எதிரே வைத்துக்கொண்டு, இவளுக்கு எந்தப் புடவை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று கத்தரிப்பூ நிறம் சரியாக இருக்கும் என்று தோன்றியது. தேய்ந்த பிரஷ் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன்.