அலைக்கு ஒரு மணி

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றால் ஓட்டுநர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். வயதான ஓட்டுநர் ஒருவர் மட்டும் இறங்கி, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்களில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார். வெளுத்த காக்கிச் சட்டை, பஞ்சு மாதிரி தாடி. ஓர் அலை வந்து கல்லில் உடைந்த பிறகுதான் விரல் அடுத்த மணிக்கு நகரும்.

என் தம்பி இறந்த வாரம் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். அழாதே என்று எல்லாரும் சொன்னதால் அதுவரை அழவில்லை.

"இதை உருட்டினா துக்கம் போயிடுமாண்ணா?" என்றேன் எரிச்சலாக.

"எங்க நைனா போவும்? அலை மாரி வந்துகினேதான் கீது. நான் தடுக்கறதில்ல. வா, குந்துன்னு சொல்லிட்டு, ஆண்டவர் கையப் புடிச்சிக்கினு கீறேன். அவ்ளோதான்."

வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அலறியது. அவர் பாதியிலேயே மாலையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மிச்ச மணி?"

"கடலு சொல்லிக்கும்."

எனக்கு அந்த ஜெபம் தெரியாது. அவர் யாருக்காகச் சொன்னார் என்பதும் தெரியாது. ஆனாலும் மிச்ச அலைகளுக்காக உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஓர் அலையில் அழுகை வந்தது.

வா, குந்து என்றேன்.