பவுலின் தாண்டிய நாலு வரி

பவுலினுக்கு இங்கிலீஷ் பாடத் தெரியும், பேசத்தான் தெரியாது. நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டலில் பத்தொன்பது வருடமாக மேசை துடைத்துக் கோப்பை எடுக்கிறவள். பின்னேரத் தேநீர் நேரத்தில் அங்கே தினமும் ஒரே இசைத்தட்டுத்தான் சுழலும். யாரோ ஒரு அமெரிக்கக்காரி, பழைய காதல் பாட்டுகளை ஜாஸ் பாணியில், அவசரமே இல்லாமல் பாடியிருப்பாள். பன்னிரண்டு பாட்டும் பவுலினுக்கு மனப்பாடம். அந்தம்மா எங்கே மூச்சு விடுகிறாள் என்பது வரைக்கும் அத்துப்படி. தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் பாடி வளர்ந்த தொண்டை சும்மா இருக்குமா?

சனிக்கிழமைகளில் விருந்தினருக்குப் பாடும் பெண் கொழும்புக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மெனேஜர் விஜிதரன் பவுலினைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை றோலண்டோட ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்க. சரிவந்தா சனிக்கிழமை உங்களுக்குத்தான்."

பவுலினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மேசைகளுக்கு நடுவே குனிந்தே நடந்தவள். ஒரு தடவையாவது அங்கே நிமிர்ந்து நின்று பாட வேண்டுமென்பது அவளுக்குத் தீராத ஆசை.

றோலண்ட் சனிக்கிழமைக்கு மட்டும் வரும் பியானோக்காரன். இந்த ஒத்திகைக்காக வெள்ளியன்றே வந்து அவன் வாசிக்க, பாட்டு அழகாகத்தான் போனது. நடுவில் அவள் முன்னால் ஓடிவிட்டாள்; பியானோ பின்தங்கி நின்றது. மறுபடி பாடினாள். அதே இடத்தில் அதே கதை.

"நாலு வரிய முழுங்கிட்டீங்களே அக்கா!"

"இல்ல தம்பி, ரெக்கோட்ல அப்புடித்தான வருது?"

வேறொன்றுமில்லை, அந்த இசைத்தட்டில் ஒரு கீறல். ஊசி அங்கே வந்ததும் நாலு வரியைத் தாண்டிக் குதித்துவிடும். பவுலின் வேலைக்கு வருமுன்பே விழுந்த கீறல் அது.

றோலண்ட் முழுப் பாட்டையும் போனில் போட்டுக் காட்டினான். பவுலினுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"வேற பாட்டுப் பாடுவோமா அக்கா?"

"வேணாம். இதத்தான் பாடுவேன்."

சனிக்கிழமை அந்த இடம் நெருங்க நெருங்க நாக்கு பழகிய பக்கமே இழுத்தது. விடாமல் பிடித்து, நாலு வரியையும் பாடிக் கடந்தாள். விருந்தினர் கைதட்டினார்கள். அடுத்த வாரமும் அவள்தான் என்று மெனேஜர் சொல்லிவிட்டார்.

குசினிக்குப் போனால், அங்கே தினமும் அந்த இசைத்தட்டைக் கேட்டபடியே பாத்திரம் கழுவும் ஜொய்சி முகம் வாடி நின்றாள். இவ்வளவு நேரமும் கதவிடுக்கில் நின்று கேட்டவள்.

"நல்லாத்தான் பாடுனீங்க அக்கா. நடுவுலதான் கொஞ்சம் பிசகிருச்சு. பரவால்ல, அவங்களுக்குத் தெரியாது."

பவுலின் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"பிசகல ஜொய்சி. பாட்டு முழுசாத்தான் இருந்திருக்கு. நமக்குத்தான் இத்தன வருசமா வந்து சேரல."

ஈரக் கையோடு நின்றவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நாலு வரியையும் மெதுவாகப் பாடிக் காட்டினாள்.